முதலில் மாமரத்தின் அடியைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, சிராங்கூன் கார்டன்ஸில் மூலைவீடு எங்களுடையது. முன்பக்கமும் பக்கவாட்டிலும் சேர்த்துச் சுமார் 60 சதுர மீட்டர் கவ் கிராஸ் புல்தரை. இணையத்தில் 69 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கிய, புல் வெட்டும் பேட்டரி டிரிம்மர் மூன்றே மாதத்தில் படுத்துவிட்டது. புல்லை வெட்டும் நைலான் நரம்பும் அடிக்கடி அறுந்தது. கடைக்காரர் பெட்ரோல் மெஷினும் இரும்பு பிளேடும் வாங்கச் சொல்கிறார். 200 வெள்ளிக்குள் நம்பி வாங்கக்கூடியது எது? வீட்டில் 18 வோல்ட் பேட்டரி ட்ரில் ஒன்று இருக்கிறது. இன்னொன்று, நான்கு வயது மாமரம் ஒரு மாதமாக இலை மஞ்சளித்துக் கொட்டுகிறது. அடிப்பட்டை அங்கங்கே உரிந்திருக்கிறது. என்ன உரம் போடலாம்?

பதில்: மெஷினைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த ட்ரில் எந்த நிறுவனத்துடையதோ, அதே பேட்டரியில் ஓடும் டிரிம்மரைப் பேட்டரி, சார்ஜர் இல்லாமல் மெஷினாக மட்டும் வாங்குங்கள். காசில் பெரும்பகுதி பேட்டரிக்குத்தான் போகிறது. அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. வாங்கும்போது கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதற்கு நரம்பு உருளை தனியாகக் கிடைக்குமா, கெட்டுப்போனால் இங்கேயே பழுது பார்ப்பீர்களா?” பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். ஜாலான் புசார் பக்கம் கருவிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை.

இணையத்தில் விற்கும் மலிவு மெஷின்களின் பெட்டியில் ‘88விஎஃப்’, ‘48வி’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை வோல்ட் என்று நம்பிவிடாதீர்கள். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே ஐந்து லித்தியம் செல்கள்தான். அவற்றை வரிசையாகக் கோத்தால் முழு சார்ஜில் 21 வோல்ட், வேலை செய்யும்போது 18. உங்கள் ட்ரில்லில் இருப்பதும் அதே 18தான். இப்படி எண்ணை ஊதிப் பெருக்கி விற்பவர்களை நான் வியாபாரிகள் என்று சொல்லமாட்டேன். கூடவே வரும் அடாப்டரில் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை வீட்டுச் சுவரில் செருகவே செருகாதீர்கள்.

பெட்ரோல் மெஷின் உங்களுக்கு வேண்டாம். விரைவுச்சாலை ஓரங்களில் நம் தம்பிகள் காலை முதல் மாலை வரை வெட்டுகிறார்கள். அவர்களுக்கு அது வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டுகிறவர் வீட்டில் பெட்ரோல் கார்ப்புரேட்டருக்குள்ளேயே பழசாகிப் பிசினாகும், அப்புறம் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்தான் வலிக்கும். இரும்பு பிளேடு இன்னும் மோசம். ஒரு சிறு கல் தெறித்தால் பக்கத்து வீட்டுக் கார்க் கண்ணாடியோ உங்கள் கண்ணோ போய்விடும். அதை உங்களுக்குப் பரிந்துரைத்தவரிடம் இனி எதுவும் வாங்காதீர்கள்.

நரம்பு அறுவதற்கு மெஷினைக் குறை சொல்வதற்குமுன், மெஷினில் எழுதியிருக்கும் தடிமனைத்தான் போடுகிறீர்களா என்று பாருங்கள். 1.6 மில்லிமீட்டருக்கான மெஷினில் 2.4 போட்டால் மோட்டார் சூடேறிச் சாகும். உங்களுடையது போனதற்கும் இது காரணமாக இருக்கலாம். காய்ந்து உடையும் நைலானை ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்தால் மறுபடி வளைந்துகொடுக்கும். நரம்பின் நுனி மட்டும் புல்லைத் தொடவேண்டும். மதிலிலும் மரத்திலும் அடித்தால் எந்த நரம்பும் அறும்.

மரத்தில் அடித்ததைப் பற்றித்தான் நான் அதிகம் பேசவேண்டும்.

உங்கள் மாமரத்துக்கு வந்தது உரப் பசி கிடையாது. அடிமரத்தைச் சுற்றி முளைக்கும் புல்லை ஒட்ட வெட்டும்போதெல்லாம், நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றும் நரம்பு பட்டையை அடித்திருக்கிறது. நான்கு வயது மாமரத்தின் பட்டை எவ்வளவு மெல்லியது என்று நகத்தால் கீறினாலே தெரியும். இலையில் சமைத்த உணவு வேருக்கு இறங்குவது அந்தப் பட்டையின் உள்ளடுக்கு வழியாகத்தான். தண்ணீர் மேலே ஏறும் வழி அதற்கும் உள்ளே, கட்டையில் இருக்கிறது. அதனால் பட்டை சுற்றிலும் அறுந்த பிறகும் மரம் பல மாதம் பச்சையாகவே நிற்கும். கீழே வேர் பட்டினி கிடக்கும். இலை மஞ்சளாகும்போது வீட்டுக்காரருக்கு டிரிம்மர் ஞாபகத்துக்கே வராது, உரக்கடைக்குப் போவார். இந்தத் தீவில் வீட்டுத் தோட்டங்களில் இளமரங்கள் இப்படிச் சாவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் வெறுத்துவிட்டது. ஹூஸ்டனில் ஜார்ஜ் பல்லாஸ் 1971இல் இந்தக் கருவியை உருவாக்கியதே மரப்பட்டை காயப்படாமல் சுற்றியுள்ள புல்லை வெட்டுவதற்குத்தான்!

இன்றைக்கே செய்யுங்கள். அடிமரத்திலிருந்து எல்லாப் பக்கமும் இரண்டு அடிக்குப் புல்லைக் கையால் பிடுங்கி எடுங்கள். அந்த வட்டத்தில் காய்ந்த இலையை ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள், மரத்தைத் தொடாமல் நான்கு விரற்கடை இடைவெளி விட்டு. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் இது. பரப்பிய இலை மூடாக்கு மரத்தை அணைத்துக் கிடந்தால் ஏற்கெனவே புண்ணான பட்டை அழுகும். அடிமரத்தைச் சுற்றிப் போடும் பிளாஸ்டிக் உறையும் அதே காரணத்தால் வேண்டாம். புல் இல்லாத இடத்துக்கு டிரிம்மர் போகவேண்டிய அவசியமே இல்லை. கறிவேப்பிலை, எலுமிச்சை எது இருந்தாலும் இதே வட்டம் போடுங்கள். என்னைக் கேட்டால், டிரிம்மர் வாங்குவதற்குமுன் செய்யவேண்டிய வேலை இது.

புல்தரை முழுவதையும் டிரிம்மரால் வெட்டுவதையும் விடுங்கள். ஓரங்களுக்கு மட்டும் அது போதும். நடுவில் தள்ளு மெஷினை வைத்து நான்கைந்து சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டுங்கள். ஒட்டச் சிரைத்தால் கவ் கிராஸின் ஓடுதண்டு வெயிலில் காய்ந்து, அந்த இடத்தில் கோரையும் தொட்டாற்சிணுங்கியும் குடியேறும். வெட்டிய புல்லைக் கால்வாயில் தள்ளாதீர்கள். நீர் அடைத்து நின்றால் கொசுதான்.

இனி மரம் பிழைக்குமா என்று பார்ப்போம். காயத்தைச் சுற்றிலும் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். ஈரமாகப் பச்சை தெரிந்தால் அங்கே உயிர் இருக்கிறது. சுற்றளவில் பாதிக்குமேல் பச்சை இருந்தால் நம்பிக்கை உண்டு. தொங்கும் பட்டையை மட்டும் கூரான கத்தியால் நறுக்கிவிட்டு, தார், பெயின்ட் எதுவும் பூசாமல் திறந்தே விடுங்கள். புதுத்தளிர் வரும்வரை உரம் வேண்டாம். முழுக்கச் சுற்றி அறுந்திருந்தால், காயத்துக்குக் கீழே கிளம்பும் தளிரைக் கவனியுங்கள். அது ஒட்டுப்போட்ட இடத்துக்கு மேலே இருந்தால் வளரவிடலாம், அதே ரகம்தான் காய்க்கும். ஒட்டுக்குக் கீழே என்றால், ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கும் வேறு செடியின் காய்தான் வரும். அதற்குக் காத்திருக்காமல் புது ஒட்டுக்கன்று நடுங்கள்.