பனிநாட்டில் பல்லாண்டுத் தீவனம்: கேள்வி பதில்

(எஸ்தோனியா, தெற்கு பின்லாந்துப் பக்கம் ஆடு, மாடு, பன்றி வளர்ப்போரின் கேள்விகள்)

கே: கலேகா (பயறு வகைத் தீவனச் செடி), காம்ஃப்ரே (அகன்ற இலைத் தழைச் செடி), ஜெருசலேம் ஆர்டிசோக் (சூரியகாந்தி இனத்துக் கிழங்குச் செடி) மூன்றையும் ஒரே வயலில் கலந்து போடலாமா?

வேண்டாம். ஆர்டிசோக் இரண்டு மீட்டருக்கு மேல் போய் மற்றதை நிழலில் அமுக்கிவிடும். அறுக்கும் நாளும் மூன்றுக்கும் வேறு வேறு. பட்டை பட்டையாகப் பிரித்துப் போடுங்கள். நடு வயல் முழுக்க கலேகாவும் திமோதி புல்லும். ஆர்டிசோக்கை வடக்கு ஓரத்தில் வைத்தால் நிழல் வயலில் விழாது. காம்ஃப்ரேக்கு உழவே படாத ஒரு மூலை ஒதுக்குங்கள். வேர்த்துண்டு எங்கே விழுந்தாலும் முளைக்கும்.

கே: கலேகா முளைத்தது, ஆனால் வெளிறிப்போய் நிற்கிறது. தழைச்சத்து உரம் போடட்டுமா?

போடாதீர்கள். முதலில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி வேரை அலசிப் பாருங்கள். முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். முடிச்சே இல்லையென்றால் ரைசோபியம் (வேரில் தங்கித் தழைச்சத்து சேர்க்கும் பாக்டீரியா) சேரவில்லை. கலேகாவுக்கென்று தனி ரைசோபியம் உண்டு. குளோவர் என்ற தீவனச் செடிக்கு விற்பது இதற்கு உதவாது. சரியானதை வாங்கி நீரில் கரைத்து, மழை வரும் மாலையில் தெளியுங்கள். பழைய கலேகா வயலின் மண்ணைத் தூவினாலும் பலன் உண்டு.

அடுத்த முறை விதைக்கும்போது: மண்ணின் pH (அமில-கார அளவு) 6-க்குக் கீழே இருந்தால் முன்கூட்டியே சுண்ணாம்பு இடவும். விதையின் தோல் கடினம், உரசிய விதையாகக் கேட்டு வாங்கவும். ஹெக்டேருக்கு கலேகா 20 கிலோ, திமோதி 5 முதல் 6 கிலோ, ஆழம் 1 முதல் 2 செ.மீ. ஜூலைக்குள் விதைப்பு முடியட்டும். முதல் வருடம் செடி சோம்பலாகத்தான் வளரும். அப்போது அவசரப்பட்டு அறுத்து வேரை நோகடிக்காதீர்கள், களையை மட்டும் உயரத்தில் வெட்டி விடுங்கள். காலூன்றிவிட்டால் பத்து வருடத்துக்கு மேல் நிற்கும் பயிர் இது.

விதைப் பையில் 'கலேகா ஓரியன்டாலிஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். 'கலேகா ஒஃபிசினாலிஸ்' ஆடுகளுக்கு நஞ்சு.

கே: கலேகாவை எப்போது அறுப்பது?

மொட்டு விடும்போது முதல் அறுப்பு. அங்கே அது பெரும்பாலும் ஜூனில் வரும். அறுத்தபின் அடித்தாள் 10 செ.மீ. நிற்க வேண்டும். இரண்டாவது அறுப்பை ஆகஸ்ட் நடுவுக்குள் முடியுங்கள். அதன்பின் குளிர்காலத்துக்கான சத்தை வேர் சேர்க்கும். அந்த வாரங்களில் வெட்டினால் அடுத்த வசந்தத்தில் வயலில் ஓட்டைகள் தெரியும்.

கே: கலேகா சைலேஜ் (காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்க வைத்த தழை) நாறுகிறது, மாடு முகர்ந்துவிட்டுப் போகிறது.

புரதம் அதிகம், சர்க்கரை குறைவு. ஈரமாக அடைத்தால் நாற்றமடிக்கும் பியூட்ரிக் அமிலம் வந்துவிடும். அறுத்ததை வாட விடுங்கள். நறுக்கியதை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து விரலைத் திறந்தால், உருண்டை மெல்ல அவிழ வேண்டும், உள்ளங்கை நனையக்கூடாது. அந்தப் பதத்தில் அடையுங்கள். திமோதி கலப்பதன் பெரிய லாபமும் இதில்தான்: நொதிக்க வேண்டிய சர்க்கரை புல்லிலிருந்து கிடைக்கும்.

கே: பன்றிக்கு காம்ஃப்ரே கொடுக்கிறார்களே?

கொடுத்தார்கள். ஆனால் அதிலுள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நச்சு கல்லீரலைக் கெடுக்கும். பன்றிதான் அதற்கு மிக எளிதில் பலியாகும். குதிரைக்கும் கோழிக்கும் கறவை மாட்டுக்கும் தவிர்ப்பேன். செம்மறியும் வெள்ளாடும் ஓரளவு தாங்கும் என்றாலும் வாட வைத்து, எப்போதாவது ஒரு கைப்பிடி போதும். மிச்சத்தை மூடாக்காக்குங்கள். நடுவதானால் 'பாக்கிங் 14' ரகம் நடுங்கள், அது விதையால் பரவாது.

பன்றிக்கு ஆர்டிசோக் கிழங்கே நல்லது. கிழங்கு மண்ணுக்குள் உறைபனியைத் தாங்கும். பனி உருகியதும் பன்றிகளை அவிழ்த்து விட்டால் தாங்களே தோண்டித் தின்னும். எல்லாவற்றையும் தின்னுமுன் வெளியே ஓட்டுங்கள், மிச்சத்திலிருந்துதான் அடுத்த பயிர்.

கே: ஆட்டுக்கு மரத்தழை?

வில்லோ மரம். செடி உறங்கும் காலத்தில் 20 முதல் 25 செ.மீ. குச்சி வெட்டி, மொட்டு மேல்நோக்க ஊன்றுங்கள். முதல் வருடம் வேலி கட்டாயம். ஜூலையில் கிளை வெட்டி, கட்டுகளாக நிழலில் உலர்த்தினால் குளிர்காலத் தழை. தொழிற்சாலைக் கழிவு கலந்த மண்ணில் மட்டும் நடாதீர்கள். வில்லோ காட்மியம் என்ற நச்சு உலோகத்தை உறிஞ்சி இலையில் சேர்க்கும்.

கே: சொஸ்னோவ்ஸ்கி ஹாக்வீட் என்ற செடி நிறையத் தழை தருமாமே?

தொடவே தொடாதீர்கள். சோவியத் காலத்தில் சைலேஜுக்கென்று பரப்பியது அது. சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீக்காயம்போல் கொப்புளிக்கும். 2016 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் இருக்கிறது. வளர்ப்பதும் விற்பதும் தடை.