வாடை மாப்பிள்ளை

கேள்வி: ஏதென்ஸ் நகரத்து இலிசோஸ் என்னும் சிற்றாற்றின் கரையிலிருந்து ஓர் அரசகுமாரியை வாடைக்காற்றின் தேவன் கவர்ந்து சென்றதாகக் கிரேக்கப் புராணம் கூறுகிறது. இதற்கு அறிவியல் விளக்கம் உண்டா?

பதில்: புராணம் என்று எவரேனும் வாய் திறந்தால் உடனே அறிவியல் விளக்கம் கேட்கப்படுவதும், அதைக் கண்டு நான் எரிந்து விழுவதும் இப்பகுதியின் பழைய வாசகர்களுக்குப் புதிதல்ல. தாங்கள் கேட்கும் விளக்கம் பிளேட்டோவின் ‘பைட்ரஸ்’ உரையாடலிலேயே இருக்கிறது. அதே ஆற்றில் கால் நனைத்து நடக்கையில், இக்கதையை நம்புகிறீரா என்று பைட்ரஸ் கேட்கிறான். விளையாடிக்கொண்டிருந்த அரசகுமாரி ஒரைதுயாவை வாடைக்காற்று பாறையிலிருந்து தள்ளிக் கொன்றது, அதையே கவர்ந்து சென்றதாகச் சொன்னார்கள் என்று அறிவாளிகளைப் போலத் தாமும் கூறிவிடலாம் என்கிறார் சாக்ரட்டீஸ். ஆனால் இதில் இறங்கினால் பறக்கும் குதிரை வரை ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தேட வேண்டும். தம்மையே இன்னும் அறியாத தமக்கு அதற்கு நேரமில்லை என்று முடித்துவிடுகிறார். எனக்கும் இல்லை.

ஏதென்ஸ் மக்களோ விளக்கம் கேட்கவில்லை, உறவு கொண்டாடினார்கள். கி.மு. 480இல் பாரசீகக் கடற்படை வந்தபோது, மருமகனைத் துணைக்கு அழைக்குமாறு தெய்வவாக்குக் கிடைத்ததாம். நம் வீட்டுப் பெண்ணைத் தூக்கிச் சென்றவன் போரியாஸ், ஆகவே அவன்தான் நமக்கு மாப்பிள்ளை என்று கணக்கிட்டு வேண்டிக்கொண்டார்கள். புயலில் நானூறுக்குக் குறையாத பாரசீகக் கப்பல்கள் அழிந்தன என்கிறார் பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் இலிசோஸ் கரையிலேயே அவனுக்குக் கோயில் எழுப்பினார்கள். பெண் கேட்டு வராமல், சீர் வாங்காமல், மாமனார் ஊருக்கு ஆபத்து என்றதும் ஓடி வந்த மாப்பிள்ளைக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

கவர்ந்து சென்றதுதான் தங்களை உறுத்துகிறது என்றால், அண்மைக் காலத்துச் செய்தி ஒன்று உண்டு. ஹைமெட்டஸ் மலைச்சரிவில் பிறக்கும் அந்த ஆற்றை இருபதாம் நூற்றாண்டில் மூடி, மேலே பெருஞ்சாலைகள் போட்டுவிட்டார்கள். ஒலிம்பிய சீயஸ் கோயிலுக்கருகே பழைய படுகையில் சிறு துண்டு மட்டும் வெளியே தெரிகிறது. இலிசோஸ் தேவன் என்று கருதப்படும் தலையற்ற சிலையோ ஏதென்ஸின் பார்த்தனான் கோயிலின் மேற்கு முகப்பிலிருந்து பிரிட்டிஷ் தூதர் எல்கின் பிரபுவால் பெயர்க்கப்பட்டு, 1816 முதல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சாய்ந்து கிடக்கிறது. எல்கின் கொண்டுபோனதைத் திருப்பித் தர வேண்டும் என்று இப்பக்கத்தில் எழுதும்போதெல்லாம், சிற்பங்களை இடம் பெயர்ப்பது ஆபத்து என்று பாடம் நடத்தும் கடிதங்கள் வருகின்றன. 2014 டிசம்பரில் இதே சிலையை ரஷ்யாவின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்துக்குப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தாரே கடன் கொடுத்தார்கள். இது கிரேக்க மக்களை அவமதிப்பது என்று அந்நாட்டுப் பிரதமர் சமராஸ் கொதித்தார். கண்காட்சி முடிந்ததும் சிலை பத்திரமாக லண்டனுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அந்தப் பயணத்தின் ஆபத்தைப் பற்றி அக்கடிதக்காரர்களிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை.