பழைய பத்திரத்தில் ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று இருந்தால்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் 1947-ல் கட்டிய வீட்டை வாங்கியிருக்கிறோம். பழைய ஆவணத்தில், ‘வெள்ளையர் தவிர யாரும் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலையாட்கள் நீங்கலாக’ என்று ஒரு வரி இருக்கிறது. விற்கும்போது சிக்கல் வருமா? பணம் கட்டினால் நீக்கித் தருவதாக ஒரு நிறுவனம் கடிதம் போட்டிருக்கிறது. கட்டலாமா?

பதில்: சிக்கல் வராது. பணமும் கட்டாதீர்கள்.

செயின்ட் லூயிஸில் வீடு வாங்கிய ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பத்தின் வழக்கில், இப்படிப்பட்ட நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948-லேயே சொல்லிவிட்டது. வீடு விற்பதில் இனப் பாகுபாடு கூடாது என்று 1968-ல் தனிச் சட்டமே வந்தது. அது செத்த வரி.

நீக்கியே ஆக வேண்டும் என்றால் பத்திரங்களைப் பதியும் கவுன்ட்டி ரெக்கார்டர் அலுவலகத்துக்குப் போய் ‘ரெஸ்ட்ரிக்டிவ் கவனன்ட் மாடிஃபிகேஷன்’ படிவம் கேளுங்கள். கட்டணம் கிடையாது. அந்தப் பக்கத்தின் நகலில் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துக் கொடுத்தால் கவுன்ட்டி வக்கீல் பார்த்துவிட்டுப் பதியச் சொல்வார். கவுன்ட்டிகளே தேடிப்பிடித்து நீக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்திருந்தால் உங்கள் பேரப்பிள்ளைகள்தான் பார்ப்பார்கள். கடிதம் போட்டவர்கள், வீடு கைமாறியதும் பதிவேட்டிலிருந்து விலாசத்தை எடுத்துக்கொள்ளும் கூட்டம். கழுகுப் படமும் சிவப்பு எழுத்தில் கெடு தேதியும் போட்டிருந்தால் அது அரசாங்கக் கடிதம் ஆகிவிடாது.

ஒன்றில் மட்டும் கவனம். அந்த வரி செல்லாது என்பதால் அதே ஆவணத்தின் மற்ற நிபந்தனைகளும் செல்லாது என்று நினைக்காதீர்கள். வேலி எவ்வளவு உயரம், தெருவிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்டலாம் என்பதெல்லாம் இன்னும் உயிரோடு இருக்கலாம். ‘மொத்தமும் செல்லாது’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு வேலியை உயர்த்திவிட்டு, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரின் வக்கீல் நோட்டீசோடு வருகிறார்கள். வேலிக்கு முன்னால் முழு ஆவணத்தையும் படியுங்கள்.

பழைய சொந்தக்காரரையும் திட்டாதீர்கள். பெரும்பாலும் பில்டர் மொத்த மனைப்பிரிவுக்கும் சேர்த்துப் பதிந்த வரி அது. 1944-ன் ஜி.ஐ. சட்டத்தால் போரிலிருந்து திரும்பியவர்கள் முன்பணம் இல்லாமலே வீடு வாங்கினார்கள். 1949-ல் நியூயார்க் பக்கம் லெவிட்டவுனில் ஒரு வீடு 7,990 டாலர்தான். அங்கேயும் ஆரம்ப கால வாடகை ஒப்பந்தங்களில் இதே வரி: சமைக்கவும் பெருக்கவும் கறுப்பினத்தவர் உள்ளேயே தங்கலாம், சொந்தமாகத் தங்கத்தான் கூடாது! கடனுக்கு உத்தரவாதம் தந்த அரசு நிர்வாகமே இதை ஊக்குவித்தது. தீர்ப்பு வந்த பிறகும் 1950 வரை இழுத்தடித்தது.

இப்படி வங்கிக் கடன் கிடைக்காத கறுப்பினக் குடும்பங்களுக்குச் சிகாகோவில் தரகர்கள் தவணையில் வீடு விற்றார்கள். கடைசித் தவணை வரை பத்திரம் விற்றவர் கையில். ஒரு தவணை தவறினால் வீடும் போச்சு, கட்டிய பணமும் போச்சு. இந்த வியாபாரம் ‘கான்ட்ராக்ட் ஃபார் டீட்’ என்று இன்றும் நடக்கிறது. புதிதாக வந்த உறவினர் யாரிடமாவது ‘வங்கியே வேண்டாம், கிரெடிட் ஸ்கோரும் வேண்டாம்’ என்று ஒருவர் வீடு காட்டினால், கையெழுத்துக்கு முன்னால் ஒரு வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் அனுப்பும் வக்கீலிடம் அல்ல.