பதில்: தாண்டிக்குடி மீன்தொட்டியில் பாம்பு

வணக்கம் ஐயா. காப்பித் தோட்டத்துத் தொட்டியில் மீன் பிடிக்கும் பாம்பு, விரட்டியபோது தலையைத் தூக்கிக் கழுத்தை விரித்ததால் நல்ல பாம்போ என்று அஞ்சுவதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் படத்தில் முதுகெங்கும் சதுரங்கக் கட்டம்போல் கரும்புள்ளிகளும், கண்ணிலிருந்து பின்னோக்கிச் சரியும் இரண்டு கருங்கோடுகளும் தெளிவாகத் தெரிவதால், அது நஞ்சற்ற தண்ணீர்ப் பாம்பு, அதாவது நீர்க்கோலி என்றே கொள்கிறேன்.

சீண்டினால் அது கழுத்தைத் தட்டையாக்கி மிரட்டும். நல்ல பாம்புக்குரிய அகன்ற படம் அதற்குக் கிடையாது. நாசித்துளைகள் சற்றே மேல்நோக்கி அமைந்திருப்பதால், உடல் முழுவதையும் நீருக்குள் மறைத்துக்கொண்டு மூக்கு நுனியை மட்டும் வெளியே நீட்டி மூச்சுவிட அதனால் முடிகிறது. மாலையில் தொட்டி விளிம்பிலிருந்து தள்ளி அசையாமல் நின்றால், பாசிக்கிடையே விரல்நுனி அளவே தெரியும் அந்தத் தலையைக் காணலாம். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. மீனும் தவளையும்தான் அதன் முதன்மை உணவு என்பதால், மீன் இருக்கும்வரை அது வரத்தான் செய்யும். கரையோரப் பொந்தில் முட்டையிட்டிருந்தால் தாய்ப்பாம்பு கூடவே தங்கிக் காக்கும், கல்லிடுக்குகளைக் கிளறாதீர்கள்.

தொட்டியை நெருக்கமான கம்பி வலைச் சட்டத்தால் மூடுங்கள். நைலான் வலை மட்டும் வேண்டாம், ஏனெனில் அதில் சிக்கும் பாம்பு திமிறித் திமிறிச் சதை அறுபட்டுச் சாகும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வதும் குற்றம். எவரையேனும் கடித்துவிட்டால், எந்தப் பாம்பு என்று ஆராய்ந்துகொண்டிராமல், கட்டுப் போடாமல், கீறாமல், உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.