சமைத்த உணவில் என்சைம் அழிந்துவிடுகிறதே, மாத்திரை எடுக்க வேண்டுமா?

சமைத்தால் என்சைம் போய்விடும், அதனால் எல்லாவற்றையும் பச்சையாகச் சாப்பிடுங்கள், முடியாவிட்டால் மாத்திரை எடுங்கள் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். சமைத்தால் போய்விடும் என்பது உண்மை. மற்றதெல்லாம் விற்பனைப் பேச்சு.

என்சைம்கள் என்பவை செரிமானம் போன்ற வேதிமாற்றங்களை வேகப்படுத்தும் பொருள்கள்; பெரும்பாலும் புரதங்கள். சூடு பட்டால் வடிவம் குலைந்து வேலை நின்றுவிடும். சரி, பச்சையாகவே விழுங்கினால்? இரைப்பையின் அமிலமும் அங்கே சுரக்கும் பெப்சின் என்ற என்சைமும் அவற்றில் பெரும்பாலானவற்றைச் சாதாரணப் புரதத்தைப் போலவே உடைத்துவிடும். செரிமானத்துக்கு வேண்டியதை உடல் தானே தயாரித்துக்கொள்கிறது. மாவுச்சத்தை உடைக்கும் வேலையை எச்சிலில் உள்ள அமைலேஸ் வாயிலேயே தொடங்கிவிடும். அப்புறம் கணையம். நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் சாற்றை அது சிறுகுடலுக்கு அனுப்புகிறது. கொழுப்புக்கு லிப்பேஸ், புரதத்துக்கு டிரிப்சின், மிச்ச மாவுச்சத்துக்கு மறுபடியும் அமைலேஸ் என எல்லாம் அதில் வந்துவிடும். நாம் செய்ய வேண்டியது போதிய புரதம் சாப்பிடுவது. துத்தநாகம், மக்னீசியம், பி வைட்டமின்கள் போன்றவையும் வேண்டும்; அவற்றின் துணையில்லாமல் உடலின் பல என்சைம்கள் இயங்காது.

சமையல் சில நேரம் செரிமானத்துக்கு உதவவே செய்கிறது. பச்சை முட்டையின் வெள்ளைக்கருவிலும் பச்சை சோயாவிலும் டிரிப்சினைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. வெந்தால் அவை பெருமளவு செயலிழந்துவிடும்.

அப்படியானால் உணவில் இருக்கும் என்சைமால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் பெரும்பாலும் அது வாய்க்குள் போவதற்கு முன்பே முடிந்துவிடுகிற வேலை. பூண்டை நசுக்கும்போது அதிலுள்ள அல்லினேஸ் என்ற என்சைம் அல்லிசினை உருவாக்குகிறது. அந்தக் காட்டமான வாசனை அப்படி வருவதுதான். முழுப் பல்லாக வேகவைத்தால் அல்லிசின் உருவாகும் முன்பே என்சைம் செயலிழந்துவிடும். நசுக்கிச் சற்று நேரம் வைத்துவிட்டு அடுப்பில் போடச் சொல்வது இதனால்தான். தானியங்களையும் பயறுகளையும் ஊறவைத்து முளைகட்டும்போது ஃபைட்டேஸ் என்ற என்சைம், இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலத்தை உடைக்கிறது. சாப்பிட்ட பிறகு அந்தத் தாதுக்கள் உடலில் சேர்வது எளிதாகிறது. எனக்கு இதுதான் இந்த விஷயத்திலேயே சுவாரசியமான பகுதி, விளம்பரங்கள் இதைச் சொல்வதே இல்லை.

மாத்திரைகள் எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பால் குடித்தால் வயிறு உப்பி, வயிற்றுப்போக்கு வருபவர்களில் பலருக்குப் பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் என்ற என்சைம் குறைவு. பாலோடு லாக்டேஸ் மாத்திரை எடுத்தால் பலன் தெரியும். நாள்பட்ட கணைய அழற்சி, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலையும் கணையத்தையும் பாதிக்கும் பரம்பரை நோய்) உள்ளவர்களில் பலருக்குக் கணைய என்சைம் மருந்து கட்டாயத் தேவை. அமிலத்தில் கரையாத பூச்சோடு வரும் அந்த மருந்தை உணவோடு சேர்த்து எடுக்க வேண்டும்.

கணையத்தில் குறை இருந்தால் பொதுவாக மலம் எண்ணெய்ப் பசையோடும் துர்நாற்றத்தோடும் போகும், காரணமில்லாமல் எடையும் குறையும். அப்படி எதுவும் இருந்தால் கடையில் மாத்திரை தேடாமல் மருத்துவரிடம் போங்கள். மலத்தில் எலாஸ்டேஸ் அளவைப் பார்க்க ஒரு பரிசோதனை இருக்கிறது. அதுவும் கணையம் சுரக்கும் என்சைம்தான். குடலைத் தாண்டியும் பெரிதாகச் சிதையாமல் வருவதால் அதை அளக்க முடிகிறது.