ஜெர்மன் யதார்த்தவாதமும் பாதிரிகளும்: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மன் மொழி எழுத்தாளர்களான ஷ்டோர்ம், கெல்லர், ஃபோண்டேன மூவரையும் ஆங்கிலம் வழியாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ரஷ்யர்களிடம் உள்ள கடவுளோடு மல்லுக்கட்டு இவர்களிடம் இல்லையே? பாதிரிகள் வருகிறார்கள், பேசுகிறார்கள், போகிறார்கள். மதம் இவர்களுக்கு வெறும் பின்னணிதானா?

கே.

அன்புள்ள கே.,

ரஷ்யர்களைப் படித்த சூட்டோடு வந்தால் இவர்கள் சப்பென்றுதான் இருப்பார்கள். ஆனால் பின்னணி என்று தள்ளிவிட மாட்டேன். கடவுள் இருக்கிறாரா என்ற விசாரணையில் இவர்களுக்கு அக்கறை குறைவு. கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டு ஊர் என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள்.

ஷ்டோர்மின் கடைசிக் குறுநாவல் ‘வெள்ளைக்குதிரைக்காரன்’ (1888). வடகடலோரக் கிராமம் ஒன்றில் கடலைத் தடுக்கும் கரைக்குப் பொறுப்பாளி ஹௌக்க. பிரசவக் காய்ச்சலில் மனைவி சாகக் கிடக்கிறாள். அவளைப் பறித்துவிடாதே என்று கடவுளிடம் கதறுகிறான்; அப்புறம் குரல் தணிந்து, நினைத்ததையெல்லாம் எப்போதும் செய்ய உன்னாலும் முடியாது, தெரியும் என்கிறான். இது வேலைக்காரப் பெண்ணின் காதில் விழுகிறது. ஊர்ப் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு அது போய்ச் சேரும்போது அவன் நாத்திகன் ஆகிவிடுகிறான். அவன் ஏறும் குதிரை பிசாசு என்ற பேச்சு ஏற்கெனவே உண்டு, அதற்கும் வலு சேர்கிறது. அதே ஊர்க்காரர்கள்தான் புதுக்கரை நிலைக்க உயிருள்ள நாயை மண்ணில் புதைக்கப் பார்த்தவர்கள்! நாயைக் காப்பாற்றியவனும் இந்த ‘நாத்திகன்’தான். கல்லறைப் பக்கம் பாதிரி வர வேண்டாம் என்று கவிதை எழுதியவர் ஷ்டோர்ம். ஆனாலும் ஹௌக்கவின் கடைசிச் சொல்லை வேண்டுதலாகவே வைத்தார்: என்னை எடுத்துக்கொள், மற்றவர்களை விட்டுவிடு.

கெல்லர் ஹைடல்பெர்கில், மதத்தை விமர்சித்த தத்துவவாதி ஃபாயர்பாகின் உரைகளைக் கேட்டு நம்பிக்கையை உதறியவர். அவருடைய ‘பச்சை ஹைன்ரிஹ்’ நாவலில் சிறுவன் தேவாலயக் கூரையில் மின்னும் தங்கநிறச் சேவலைக் கடவுள் என்று நினைத்துக்கொள்வான். அந்த ஒரு பக்கத்துக்காகவே அந்தப் பெரிய நாவலைப் படிக்கலாம்.

ஃபோண்டேனவின் ‘எஃபி பிரீஸ்ட்’ (1895) பாதிரியை மறுபடி ஒருமுறை பாருங்கள். எனக்குச் சொர்க்கத்தில் இடம் உண்டா என்று எஃபி கேட்கிறாள். அவள் நெற்றியில் முத்தமிட்டு, உண்டு என்கிறார். வேதாந்தம் எதுவும் பேசவில்லை. அந்த நாவலில் பலி கேட்கும் சாமி வேறு: கௌரவம். மனைவி எஃபியின் பழைய காதல் தொடர்பு ஆறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தெரியவரும்போது கணவன் நண்பரிடம் யோசனை கேட்கிறான். நம் கௌரவ வழிபாடு விக்கிரக ஆராதனைதான், ஆனால் விக்கிரகம் நிற்கும்வரை கும்பிட்டாக வேண்டும் என்கிறார் நண்பர். சொல்லிவிட்டு, அந்தப் பழைய காதலனோடு கணவன் போடும் துப்பாக்கிச் சண்டைக்குச் சாட்சியாக அவரே உடன் போகிறார்.