ரேமை இரட்டிப்பாக்கியும் டேட்டாபேஸ் சர்வர் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று விழுகிறது. எங்கிருந்து தேடுவது?

நீங்கள் சொல்வது: லினக்ஸில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ஓடுகிறது, 16 ஜிபியை 32 ஆக்கியாயிற்று, ஆனாலும் மாதத்தில் இரண்டு மூன்று முறை விழுகிறது, ரேமை 64 ஆக்கலாமா என்று மேலே இருப்பவர்கள் கேட்கிறார்கள். நானும் இதே வழியில் போய் அடி வாங்கியவன்தான். 64-க்கு பில் போடுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் செலவழித்துச் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் தெரிய வேண்டியது, மெமரி இல்லை என்று சொன்னது யார் என்பது. டேட்டாபேஸா, கெர்னலா (மெமரியைப் பங்கிட்டுத் தரும் லினக்ஸின் மையப் பகுதி)? இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்லிவிடுகிறோம், வைத்தியம் வேறு வேறு.

போஸ்ட்கிரஸே சொன்னால் அதன் லாகில் (நடந்ததை எழுதிவைக்கும் கோப்பில்) ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று ஒரு எரர் இருக்கும். கூடவே எத்தனை பைட் கேட்டுக் கிடைக்கவில்லை என்றும் இருக்கும். அந்த ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்ட கேள்வி) மட்டும் தோற்றுப்போகும், மற்றவர்கள் வேலை நடந்துகொண்டே இருக்கும். கெர்னல் கைவைத்திருந்தால் கதை வேறு. லாகில் ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையாள்) ‘சிக்னல் 9: கில்டு’ என்று முடிந்திருக்கும். அடுத்த வரியிலேயே மற்ற எல்லா ப்ராசஸ்களையும் நிறுத்துவதாக வரும். அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு எந்த அப்ளிகேஷன் வந்து தட்டினாலும் ‘ரிகவரி மோடில் இருக்கிறேன்’ என்ற பதில்தான். கொல்லப்பட்டது ஒரு ப்ராசஸ்தானே, ஏன் எல்லாரையும் வெளியே தள்ள வேண்டும் என்று எனக்கும் ஆரம்பத்தில் கோபம் வந்தது. எல்லா ப்ராசஸும் ஒரே பொது மெமரியில் கைவைக்கின்றன. பாதி எழுதும்போது ஒருவன் செத்துப்போனால் அங்கே என்ன கிடக்கிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் மூடிவிட்டு, வால் (WAL) கோப்புகளிலிருந்து, அதாவது மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைத்த பதிவிலிருந்து, மறுபடி கட்டி எழுப்புகிறது. (இதே காரணத்துக்காகத்தான், மாட்டிக்கொண்ட குவெரியை நிறுத்த ‘கில் -9’ போடாதீர்கள் என்று எல்லாரும் கத்துகிறோம்.)

மூன்றாவதாக ஒரு போலியும் உண்டு. ‘அவுட் ஆஃப் ஷேர்டு மெமரி’ என்று வந்து, கீழே மேக்ஸ் லாக்ஸ் பெர் ட்ரான்ஸாக்‌ஷனைக் கூட்டச் சொல்லும் குறிப்பும் இருந்தால், ரேமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பூட்டுகளை எழுதிவைக்கும் பட்டியல் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான பார்ட்டிஷன் (துண்டு) உள்ள டேபிளைத் தொட்டாலோ, டேபிள் நிறைய உள்ள டேட்டாபேஸை டம்ப் எடுத்தாலோ வரும். இயல்பு மதிப்பு 64. அதைக் கூட்டி ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். இதற்காக ரேம் வாங்கினவர்களை எனக்குத் தெரியும்.

உங்கள் விவரிப்பைப் பார்த்தால் கெர்னல்தான் கொல்கிறது என்று நினைக்கிறேன். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜ் கட்டளை போட்டு ‘அவுட் ஆஃப் மெமரி: கில்டு ப்ராசஸ்’ என்ற வரியைத் தேடுங்கள். சர்வர் கன்டெய்னருக்குள் (வரம்பு வைத்துத் தனியாக அடைத்த சூழலுக்குள்) இருந்தால் அந்த வரி ‘மெமரி சிகுரூப்’ என்று தொடங்கும். அப்படியென்றால் மெஷினில் ரேம் நிறையவே இருக்கலாம், கன்டெய்னருக்கு வைத்த வரம்புதான் இடித்திருக்கிறது.

ஏன் கெர்னல் இப்படிச் செய்கிறது? கல்யாண வீட்டில் பத்திரிகை வைத்தவர்கள் எல்லாரும் வரமாட்டார்கள் என்ற கணக்கில் குறைவாகச் சமைப்போம் இல்லையா, அதே கணக்குதான். ப்ராசஸ்கள் கேட்ட மெமரி முழுவதையும் அவை தொடப்போவதில்லை என்று நம்பி, இருப்பதற்கு மேலேயே லினக்ஸ் வாக்குக் கொடுத்துவிடும். எல்லாரும் ஒரே பந்தியில் வந்து உட்கார்ந்துவிட்டால், யாராவது ஒருவரை எழுப்பி விட வேண்டியதுதான். பெரும்பாலும் அதிகம் சாப்பிடுகிறவரைத்தான் எழுப்பும். டேட்டாபேஸ் சர்வரில் அது யாராக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

என் கதைக்கு வருகிறேன். சங்கிலிக் கடைகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், பில்லிங் முழுவதும் போஸ்ட்கிரஸ் 12-இல். மாதம் பிறந்து முதல் வேலைநாள், காலை பதினொரு மணி வாக்கில் சர்வர் விழும். மற்ற நாட்களில் ஒன்றும் ஆகாது. நான் செய்த முதல் காரியம், நீங்கள் செய்ததுதான்: 16-ஐ 32 ஆக்கினேன். இரண்டாவது காரியம் அதைவிட மோசம். ரேம்தான் தாராளமாக இருக்கிறதே என்று ஒர்க் மெம் (குவெரியின் இடைவேலைகளுக்கான மெமரி வரம்பு) அளவை 64 எம்பியிலிருந்து 256 எம்பிக்கு உயர்த்தினேன். அடுத்த மாதம் பதினொரு மணிக்குப் பதிலாக பதினொன்றரைக்கு விழுந்தது. அதை முன்னேற்றம் என்று மெயில் வேறு போட்டேன்.

ஒர்க் மெம் என்பது சர்வருக்கு ஒன்று என்று நினைத்திருந்தேன். கனெக்‌ஷனுக்கு ஒன்று என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு. ஒரு குவெரிக்குள் இருக்கும் ஒவ்வொரு சார்ட்டும் (வரிசைப்படுத்தல்) ஒவ்வொரு ஹேஷும் (தேடிச் சேர்க்க மெமரியில் கட்டும் அட்டவணை) தனித்தனியாக அந்த அளவை எடுத்துக்கொள்ளலாம். குவெரி பேரலலாக (பல ப்ராசஸ்கள் பங்கிட்டு) ஓடினால் ஒவ்வொரு ஒர்க்கரும் அதே அளவை எடுக்கலாம். நான்கு ஹேஷ், இரண்டு ஒர்க்கர், கூட லீடர் ஒன்று என்றால் 256 எம்பி என்பது 3 ஜிபி ஆகிவிடுகிறது. அதே அறிக்கையை எட்டுப் பேர் ஒரே நேரத்தில் திறந்தால் 24 ஜிபி. ஷேர்டு பஃபர்ஸுக்கு (எல்லா ப்ராசஸும் பகிரும் பொது மெமரிக்கு) 8 ஜிபி கொடுத்திருந்தேன். கூட்டிப் பாருங்கள், 32 போய்விட்டது. 13-ஆம் பதிப்பிலிருந்து ஹேஷுக்கு மட்டும் தனிப் பெருக்கல் எண் ஒன்று சேர்ந்தது, 15-இல் அதன் இயல்பு மதிப்பே 2 ஆகிவிட்டது. புதிய பதிப்பில் இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைப் போட்டதும் குற்றவாளியைப் பிடித்துவிட்டேன் என்று ஒர்க் மெம்மை 16 எம்பிக்கு இறக்கினேன். அடுத்த மாதமும் விழுந்தது.

அப்போதுதான் டிமெஸ்ஜ் வரியை ஒழுங்காகப் படித்தேன். கொல்லப்பட்ட ப்ராசஸின் அனான் ஆர்எஸ்எஸ், அதாவது அதன் சொந்த மெமரி, ஏறத்தாழ 1 கோடியே 15 லட்சம் கேபி. 11 ஜிபி! ஒரே ஒரு ப்ராசஸ், ஒர்க் மெம் 16 எம்பி, ஆனால் கையில் 11 ஜிபி. (அந்த வரிக்கு மேலே எல்லா ப்ராசஸ்களின் பட்டியலும் இருக்கும். அதில் ஆர்எஸ்எஸ் பத்தி கேபியில் இல்லை, 4 கேபி பக்கங்களின் (கெர்னல் மெமரியைப் பிரிக்கும் துண்டுகளின்) எண்ணிக்கையில் இருக்கிறது. நான்கால் பெருக்காமல் பார்த்து, எல்லாரும் யோக்கியர்கள் என்று முதல் மாதமே முடிவு கட்டியிருந்தேன்.)

யார் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது, எதைச் சாப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை. அதற்கு உதவியது ஓவர்கமிட் மாற்றம். விஎம் ஓவர்கமிட் மெமரி என்ற கெர்னல் செட்டிங்கை 2 ஆக்கினால், இருப்பதற்கு மேல் வாக்குக் கொடுப்பதைக் கெர்னல் நிறுத்திவிடும். வரம்பு என்பது ஸ்வாப்பும் (ரேமுக்குத் துணையாக டிஸ்கில் ஒதுக்கிய இடம்), ரேமில் குறிப்பிட்ட சதவீதமும் சேர்ந்தது. சதவீதம் இயல்பாக 50. அப்படியே விட்டால் 4 ஜிபி ஸ்வாப்புடன் 20 ஜிபிதான் வரும், பாதி ரேமைப் பூட்டி வைத்த மாதிரி ஆகிவிடும். நான் 80 வைத்தேன், 29.6 ஜிபி கிடைத்தது. டேட்டாபேஸுக்கென்றே இருக்கும் மெஷினில் மட்டும் இதைச் செய்யுங்கள். அதே பெட்டியில் ஜாவா அப்ளிகேஷனும் இருந்தால் அது கிளம்பவே மறுக்கலாம், ஏனென்றால் தேவையோ இல்லையோ பெரிய இடத்தை முன்பதிவு செய்துவைக்கும் பழக்கம் அதற்கு உண்டு.

அடுத்த மாதம் சர்வர் விழவில்லை. ஒரு அறிக்கை மட்டும் எரரோடு நின்றது, கடைகளில் பில் போடுவது பாட்டுக்கு நடந்தது. அதைவிடப் பெரிய லாபம், மெமரி கிடைக்காமல் போகும்போது போஸ்ட்கிரஸ் தன் மெமரி கணக்கு முழுவதையும் லாகில் கொட்டிவிடும். நூற்றுக்கணக்கான வரிகள், பெரும்பாலும் 8 கேபி, 16 கேபி என்று சில்லறை. குவெரியை ஓட்டும் எக்ஸிக்யூட்டருக்குக் கீழே ஒரு வரி மட்டும் 9 ஜிபிக்கு மேல். 14-ஆம் பதிப்பு முதல் இதற்காக எரர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிஜி லாக் பேக்எண்ட் மெமரி கான்டெக்ஸ்ட்ஸ் என்ற ஃபங்ஷனுக்கு ப்ராசஸ் எண்ணைக் கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்தக் கணக்கை லாகில் எழுதிவிடும்.

அந்த அறிக்கையின் ப்ரொசீஜரைத் திறந்து பார்த்தேன். மூன்று மாத பில் வரிகளை ஒரு டெம்பரரி டேபிளில் போட்டு, பில் எண் வாரியாகக் குழுவாக்கி, பொருட்களின் பெயர்களை ஸ்ட்ரிங் அக் வைத்து ஒட்டுகிறது. குவெரியை எப்படி ஓட்டப்போகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் போட்டால் ஹேஷ் அக்ரிகேட் (ஹேஷ் டேபிளில் குழுவாக்கும் முறை), மதிப்பிட்ட குழுக்கள் 200. உண்மையில் இருந்தவை சுமார் 90 லட்சம்.

அந்த 200 எங்கிருந்து வந்தது? ஒரு பத்தியைப் பற்றிப் புள்ளிவிவரமே இல்லையென்றால், குவெரியை ஓட்டும் வழியைத் தேர்ந்தெடுக்கும் பிளானர் குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளும் எண் அது. பிளானில் காரணமில்லாமல் 200 என்று கண்ணில் பட்டால் சந்தேகப்படுங்கள். ஏன் புள்ளிவிவரம் இல்லை? டெம்பரரி டேபிள் அதை உருவாக்கிய செஷனுக்கு மட்டும்தான் தெரியும், தானாகப் புள்ளிவிவரம் சேகரிக்கும் ஆட்டோவேக்குவம் அதைத் தொடவே முடியாது. நாமே அனலைஸ் கட்டளை போட்டால்தான் உண்டு. 200 குழுதானே, ஹேஷ் டேபிள் சின்னதாக இருக்கும் என்று பிளானர் நம்பிவிட்டது. 12-ஆம் பதிப்புவரை ஹேஷ் அக்ரிகேட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: ஓட ஆரம்பித்த பிறகு ஒர்க் மெம்மைத் தாண்டினாலும் டிஸ்குக்குப் போகத் தெரியாது, மெமரியிலேயே வளர்ந்துகொண்டு போகும். ஸ்ட்ரிங் அக்கோ ஒவ்வொரு குழுவுக்கும் எடுத்த எடுப்பிலேயே 1024 பைட் இடம் பிடிக்கிறது, ஒட்டுவது ‘உப்பு’ என்ற ஒரே சொல்லாக இருந்தாலும். 90 லட்சம் குழு, ஆளுக்கு 1 கேபி. 9 ஜிபி வந்துவிட்டதா?

மருந்து ஒரே வரி. டேபிளை நிரப்பிய பிறகு, குவெரிக்கு முன்னால், அனலைஸ். பிளான் சார்ட் செய்து குழுவாக்கும் முறைக்கு மாறியது, சார்ட்டுக்கு டிஸ்குக்குப் போகத் தெரியும், ப்ராசஸின் சொந்த மெமரி 100 எம்பியைத் தாண்டவில்லை. பிற்பாடு பதிப்பையும் உயர்த்தினோம். 13 முதல் ஹேஷ் அக்ரிகேட்டும் டிஸ்குக்குப் போகும், அதனால் உங்களுடையது 13-ஓ அதற்கு மேலோ என்றால் இந்தக் குறிப்பிட்ட பொறியில் நீங்கள் விழுந்திருக்க வாய்ப்புக் குறைவு. 12-க்கு 2024 நவம்பரோடு ஆதரவு முடிந்துவிட்டது, இன்னும் அதிலேயே இருந்தால் அதுவே தனி அவசரம்.

உங்கள் பிரச்சினை வேறாக இருந்தால் அடுத்து எங்கே பார்ப்பேன்? கனெக்‌ஷன் எண்ணிக்கை. சும்மா இருக்கும் கனெக்‌ஷன் எதுவும் சாப்பிடாது என்பார்கள், நம்பாதீர்கள். ஷேர்டு பஃபர்ஸ் 8 ஜிபி என்றால் 4 கேபி பக்கங்களாக அது 20 லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு ப்ராசஸும் தன் பேஜ் டேபிளில் (எந்தப் பக்கம் ரேமில் எங்கே என்ற பட்டியலில்) 8 பைட் குறிப்பு வைத்துக்கொள்கிறது. முழு பஃபரையும் தொட்டுவிட்ட ப்ராசஸுக்கு அதுவே 16 எம்பி. எங்களிடம் 220 கனெக்‌ஷன், நாட்கணக்கில் திறந்தே கிடப்பவை. பெருக்கினால் மூன்றரை ஜிபி, எந்த செட்டிங்கிலும் தெரியாத செலவு. கெர்னலின் மெம்இன்ஃபோ கோப்பில் ‘பேஜ் டேபிள்ஸ்’ என்ற வரியைப் பாருங்கள். அது ஜிபி கணக்கில் இருந்தால் ஹியூஜ் பேஜஸ் போட வேண்டும். அதில் பக்கம் 2 எம்பி, குறிப்புகள் 512-இல் ஒரு பங்காகிவிடும். முன்னால், கனெக்‌ஷன்களைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரை வைத்து ட்ரான்ஸாக்‌ஷன் மோடில் ஓட்டினால் 220 கனெக்‌ஷன் 30 ஆகிவிடும். எங்களுக்கு 30 தாராளமாகவே போதுமாக இருந்தது.

டாப் கட்டளையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் ரெஸ் பத்தியில் ஷேர்டு பஃபர்ஸும் சேர்ந்து வரும். 50 ப்ராசஸ் தலா 6 ஜிபி காட்டும், 32 ஜிபி மெஷினில் 300 ஜிபி எப்படி என்று மேனேஜர் கேட்பார். ப்ராசஸின் ஸ்டேட்டஸ் கோப்பில் ஆர்எஸ்எஸ் அனான் வரிதான் அதன் சொந்தச் செலவு. ஃப்ரீ கட்டளையிலும் ‘ஃப்ரீ’ பத்தி குறைவாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், கேச் அந்த இடத்தைப் பிடித்திருக்கும். ‘அவெய்லபிள்’ பத்தியைப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பிடிபடவில்லை என்றால் கேள்வியைத் திருத்தி, போஸ்ட்கிரஸ் பதிப்பு, டிமெஸ்ஜில் அந்த ‘கில்டு ப்ராசஸ்’ வரி, ஒர்க் மெம், ஷேர்டு பஃபர்ஸ், மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ், விழுந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த குவெரியின் எக்ஸ்ப்ளெயின், இவற்றை அப்படியே ஒட்டிவிடுங்கள். விழுந்த நேரத்துக் குவெரி எது என்று தேட வேண்டாம். ‘சிக்னல் 9’ வரிக்குக் கீழேயே, செத்த ப்ராசஸ் என்ன ஓட்டிக்கொண்டிருந்தது என்று போஸ்ட்கிரஸ் எழுதி வைத்திருக்கும்.